ஆற்றுக்கு நேரே பிறை

எங்கள் ஊரில் பிறை பார்க்க ஆற்றுக்குத்தான் போவோம். பள்ளிவாசல் மினாரா ஆற்றுப் பாலத்தைவிட உயரம்தான், ஆனால் அங்கே ஏறி நின்று மேற்கே பார்த்தால் ஒரு தென்னந்தோப்பு, அதைத் தாண்டினால் இன்னொரு தென்னந்தோப்பு. பெருநாள் பிறையோ மெல்லிசு நூல் மாதிரி கீழ்வானத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கிவிடும், மட்டைக்குப் பின்னால் போய்விட்டால் போனதுதான். ஆற்றில் அந்தத் தொந்தரவு இல்லை. குடமுருட்டி எங்கள் ஊருக்கு வரும் இடத்தில் ஏறக்குறைய நேர்கோடாக மேற்கிலிருந்து கிழக்கே வருகிறது. பாலத்தின் நடுவில் நின்று தண்ணீர் வரும் திசையைப் பார்த்தால், ரெண்டு கரை மரங்களும் ஒதுங்கி நிற்க, வானம் அடிமட்டம் வரை திறந்து கிடக்கும்.

ஊர்ப் பெயர் வேண்டாம். பாபநாசம் தாலுகா என்று மட்டும் சொல்கிறேன். ராஜகிரி, பண்டாரவாடை, வழுத்தூர், சக்கராப்பள்ளி, அய்யம்பேட்டை என்று அந்தப் பக்கம் முஸ்லிம்கள் நிறைய வாழும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன, எங்களுடையது அவற்றுக்கு நடுவில் சின்ன ஊர். திருக்காட்டுப்பள்ளிகிட்ட காவிரியிலிருந்து பிரிந்து வரும் குடமுருட்டிதான் எங்கள் நெல்லுக்கும் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் தண்ணீர்.

2025 மார்ச் 30-ம் தேதி சாயங்காலம், என் மகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பாலத்துக்குப் போனேன். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. நான் முதன்முதலாக முப்பது நாளும் விடாமல் நோன்பு பிடித்தது 1992-ல், எனக்கும் அப்போது ஒன்பது வயது, அதுவும் இதே மார்ச் வெயில். இது தற்செயல் இல்லை, கணக்குப்படி நடப்பது. ஹிஜ்ரி, அதாவது பிறைக் கணக்கு வருஷத்துக்கு 354 நாள், சில வருஷம் 355. அதனால் ரமலான் ஒவ்வொரு வருஷமும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். மார்ச்சில் வந்தது சில வருஷத்தில் பிப்ரவரிக்குப் போகும், அப்புறம் ஜனவரி, டிசம்பர் என்று பின்னோக்கியே போய் ஆறு பருவத்தையும் சுற்றி 33 வருஷத்தில் மறுபடி அதே மார்ச்சுக்கு வந்து சேரும். 1992-ல் ஹிஜ்ரி 1412. 2025-ல் 1446. நடுவில் சூரியக் கணக்குக்கு 33 வருஷம், பிறைக் கணக்குக்கு 34. கூடுதலாக வந்த அந்த ஒரு பெருநாள் 2000-ல் இருக்கிறது, அந்த ஒரே வருஷத்தில் ஜனவரி தொடக்கத்தில் ஒரு நோன்புப் பெருநாளும் டிசம்பர் கடைசியில் இன்னொன்றும் கொண்டாடினோம்.

பொங்கல் என்றால் தை, தீபாவளி என்றால் ஐப்பசி, ஆடிப்பெருக்கு என்றால் ஆடி. அந்தந்தப் பண்டிகைக்கு ஆறு எப்படி இருக்கும் என்று ஊருக்குத் தெரியும். எங்கள் பெருநாளுக்கு மட்டும் அப்படி ஒரு நிலையான ஆறு கிடையாது. மணலாக வரும், நுரையாக வரும், கரை ததும்பி வரும், பனிமூட்டத்தில் முழங்கால் தண்ணீராக வரும். எந்தப் பெருநாளுக்கு எந்த ஆறு என்பதை வைத்தே எங்கள் வீட்டில் வருஷங்களை ஞாபகம் வைத்திருந்தவர் ஒருவர் உண்டு. என் நன்னிமா, அம்மாவைப் பெற்றவர்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, குர்ஆன் மட்டும் ஓதுவார். நோன்பு 33 வருஷத்துக்கு ஒரு தடவை சுற்றி வரும் என்று அவருக்கு யாரும் கணக்குப் போட்டுச் சொன்னதில்லை, தன் பிள்ளைகளை வைத்தே அவர் கண்டுபிடித்திருந்தார். பெரிய மாமு பிறந்தது மழை நோன்பு, ரெண்டாவது மாமுவுக்குப் பால் மறக்கடித்தது ஆடிக் காத்து நோன்பு என்று விரல் மடக்குவார். 1992-ல் மார்ச் மாசம், நடுப்பகலில் திண்ணையில் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு சுருண்டு கிடந்த என்னிடம் அவர் சொன்னது இன்னும் வரிக்கு வரி காதில் இருக்கிறது.

"உங்கம்மா பொறந்தது இதே வெயில் நோன்புலதான்டா. இருபதாம் நோன்பு அன்னிக்கி. ஆத்துல சொட்டுத் தண்ணி கெடையாது. மருத்துவச்சி வந்து, ஊத்துத் தண்ணியை எடுத்தாரச் சொல்லித்தான் காய வச்சா. அதுக்கப்புறம் இந்த வெயிலுக்கு நோன்பு இப்பத்தான் திரும்பி வருது. எனக்கு ரெண்டு தடவை காட்டிட்டான் அல்லா."

அது 1959. அவர் சொன்னது சரிதானா என்று பல வருஷம் கழித்து நான் நாட்காட்டி எடுத்துப் பார்த்தேன். 1959-ல் ரமலான் மார்ச் இரண்டாவது வாரத்தில் தொடங்கியிருக்கிறது. கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

ஊற்று என்றால் என்னவென்று இன்றைக்குப் பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மேட்டூரில் வழக்கப்படி ஜனவரி 28-ல் தண்ணீரை நிறுத்துவார்கள், ஜூன் 12-ல் திறப்பார்கள். நடுவில் உள்ள நாலரை மாசமும் குடமுருட்டி வெறும் மணல். ஆனால் மணலுக்கு அடியில் தண்ணீர் இருக்கும். முழங்கை ஆழத்துக்குக் கையாலேயே பள்ளம் பறித்தால் அடியில் மெதுவாக ஈரம் கசியும். முதலில் கலங்கலாகத்தான் வரும். கொட்டாங்கச்சியால் அதை மொண்டு வெளியே ஊற்றிவிட வேண்டும். ரெண்டாவது தடவையும் அதேபோல. மூன்றாவது தடவை ஊறி வருகிற தண்ணீரில் அடியில் கிடக்கும் மணலை ஒவ்வொன்றாக எண்ணலாம், அவ்வளவு தெளிவு. பள்ளத்தின் ஓரம் சரிந்து விழாமல் இருக்கச் சுற்றிலும் கையால் தட்டித் தட்டிக் கெட்டிப்படுத்துவோம். எங்கள் தெருவுக்கு அந்தக் கோடையில் நாலு ஊற்று இருந்தது, குடிக்க ரெண்டு, குளிக்க ரெண்டு.

1992 பெருநாள் ஏப்ரல் முதல் வாரத்தில் வந்தது. விடியற்காலை நாலரைக்கே மாமு எங்களை எழுப்பி ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மணல் அந்த நேரத்தில் சில்லென்று இருக்கும். பெருநாள் குளிப்பு குளிக்க வேண்டும், ஊற்றிலிருந்து செம்பால் மொண்டு மொண்டு தலையில் ஊற்றினார். ஒவ்வொரு ஆளுக்கும் ஏழெட்டுச் செம்பு ஊற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும், திரும்ப ஊறி வர. அந்தக் காத்திருப்பில் மாமு தக்பீர் சொல்ல ஆரம்பித்தார். அல்லாஹு அக்பர், அல்லாஹு அக்பர், லாயிலாஹ இல்லல்லாஹு. கொஞ்சம் தள்ளி இன்னொரு ஊற்றில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் அதை வாங்கிச் சொன்னார்கள். அதற்கும் அப்பால் இன்னொரு ஊற்று. ஆளைத் தெரியாத இருட்டில் மணல் வெளியின் அங்கங்கே இருந்து அந்தக் குரல்கள் மாறி மாறி வந்தன. பெருநாள் என்று சொன்னால் எனக்குப் புதுச் சட்டைக்கும் நெய்ச்சோற்றுக்கும் முன்னால் இதுதான் ஞாபகத்துக்கு வரும்.

அப்புறம் வீட்டுக்கு வந்து சேமியா ரெண்டு வாய். நோன்புப் பெருநாளன்று ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் தொழப் போக வேண்டும், பேரீச்சம்பழம் என்றால் ஒற்றைப்படையில். திடலுக்குப் போகும்போது ஆற்றங்கரை வழியாகப் போவோம், வரும்போது தெரு வழியாக வருவோம். போகிற வழி வேறு, வருகிற வழி வேறாக இருக்க வேண்டும் என்பது சுன்னத், நபிவழி. சின்ன வயதில் எனக்கு மார்க்கத்தில் ரொம்பப் பிடித்த விஷயம் அதுதான். ஒரே நடையில் ஊர் முழுவதையும் பார்த்துவிடலாம்.

நாங்கள் ராவுத்தர்கள், ஹனஃபி மத்ஹபு, அதாவது அந்தச் சட்டப் பிரிவு. பெருநாள் தொழுகையில் எங்களுக்குக் கூடுதலாக ஆறு தக்பீர். தொழுகையின் முதல் சுற்றான முதல் ரக்அத்தில் மூன்று, ஓதுவதற்கு முன்னால். ரெண்டாவதில் மூன்று, ஓதி முடித்த பிறகு. வருஷத்துக்கு ரெண்டு தடவை மட்டும் வருகிற தொழுகை என்பதால் இந்த ரெண்டாவது மூன்றில் எப்போதும் வரிசை குழம்பும். பாதிப் பேர் ருகூவுக்குக் குனிந்துவிடுவார்கள். அதனால் தொழ வைக்கும் ஹஜ்ரத் தொழுகைக்கு முன்னால் பொறுமையாக, விரலை உயர்த்திக் காட்டி, ஒவ்வொரு வருஷமும் அதே வார்த்தையில் சொல்லிக்கொடுப்பார்: கையை உயர்த்தி விட்டுவிடுங்கள், உயர்த்தி விட்டுவிடுங்கள், உயர்த்தி விட்டுவிடுங்கள், நாலாவதுக்குத்தான் குனிய வேண்டும். நெல் விளைகிற ஊரில், பெருநாளுக்காக இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் ஃபித்ரா தர்மத்துக்குக் கோதுமை அளவு சொல்வதும் இந்த மத்ஹபினால்தான். கோதுமை என்றால் ஸாவு என்ற பழைய அரபு அளவில் அரை, கிட்டத்தட்ட 1.6 கிலோ, அதற்கான காசு இவ்வளவு என்று ஜமாத்திலிருந்து அறிவிப்பார்கள். அம்மா மட்டும் காசோடு ஒரு மரக்கால் அரிசியும் சேர்த்தே கொடுப்பார், வாங்குகிற வீட்டில் அன்றைக்குப் பொங்கப் போவது அரிசிதானே என்று.

அத்தா, என் அப்பா, அந்தப் பெருநாளுக்கு இல்லை. 1986-லிருந்து 2011 வரை அவர் சவுதியில் தம்மாமில் இருந்தார். அந்த 25 வருஷத்தில் நோன்புப் பெருநாளுக்கு வீட்டில் இருந்தது ஐந்து தடவை, எந்தெந்த ஐந்து என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சவுதியில் பெரும்பாலும் ஒரு நாள் முன்னாலேயே பெருநாள் வந்துவிடும். நாங்கள் இங்கே கடைசி நோன்பில் இருக்கும்போது அவர் அங்கே தொழுதுவிட்டு அறையில் தனியாகவோ கூட இருப்பவர்களோடோ ஏதாவது ஆக்கிச் சாப்பிட்டிருப்பார். 1992-ல் ஊருக்கு வந்த ஒருவரிடம் கேசட் கொடுத்தனுப்பியிருந்தார். அதில் அரை மணி நேரம் விசாரிப்பு, எல்லோர் பெயரையும் சொல்லி. கடைசியில் அவரும் அறைத் தோழர்களும் சேர்ந்து தக்பீர் சொல்கிறார்கள், பின்னால் ஏசி ஓடுகிற சத்தம். பெருநாளன்று திடலிலிருந்து வந்ததும் நன்னிமா அந்த இடத்தைப் போடச் சொல்லிக் கேட்டார். திரும்ப ஒரு தடவை போடச் சொன்னார்.

கஞ்சியைச் சொல்லாமல் எங்கள் நோன்பைச் சொல்ல முடியாது. லுஹர் என்ற நடுப்பகல் தொழுகை முடிந்த கையோடு பள்ளிவாசல் பின்கட்டில் தென்னை மட்டையும் புளிய விறகும் வைத்து அடுப்பு மூட்டிவிடுவார்கள். தேக்சாவில் ஊறவைத்த நொய்யரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு விழுது, பட்டை கிராம்பு, கொத்துக்கறி, தக்காளி, மல்லி புதினா, கடைசியில் தேங்காய்ப்பால். நாலு முழத் துடுப்பை ரெண்டு பேர் மாற்றி மாற்றிப் பிடித்துக் கிண்டுவார்கள், ஒரு நிமிஷம் விட்டால் அடி பிடித்துவிடும். வெந்தயம் வெந்து தேங்காய்ப்பாலோடு சேருகிற வாசனை அஸர் என்ற சாயங்காலத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் தெருவுக்குள் வரும். பகல் முழுக்க வராத பசி அந்த நேரத்தில்தான் வரும். அஸர் முடிந்ததும் தூக்கு வாளிகளோடு வரிசை. இதில் நோன்பாளி, நோன்பில்லாதவர், முஸ்லிம், இந்து என்ற பேச்சே எழாது. கீழத்தெருவில் யாருக்காவது காய்ச்சல் விட்டு நாக்குச் செத்துப் போயிருந்தால், பள்ளிவாசல் கஞ்சி வாங்கி வா என்றுதான் அந்த வீட்டுப் பாட்டி சொல்வார். 2001-லிருந்து கஞ்சிக்கான பச்சரிசியை அரசே பள்ளிவாசல்களுக்குக் கொடுக்கிறது. அதற்கு முன்னால் எங்கள் ஊரில் ஒவ்வொரு நாள் கஞ்சிக்கும் ஒரு வீடு, அறுவடை முடிந்ததும் இது நோன்புக்கு என்று ஒரு மூட்டை தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். கோடையில் வரும் நோன்புக்கு இது சுலபம், குதிரில் நெல் இருக்கும். ஐப்பசியில் நோன்பு வரும்போதுதான் பழைய நெல் தீர்ந்து புது நெல் இன்னும் பூக்காத நேரம். அந்த வருஷங்களில்கூடக் கஞ்சி நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

சரி, பிறைக்கு வருகிறேன். இத்தனை வருஷம் பாலத்தில் நின்று பார்த்ததில் நான் கண்டுகொண்ட ஒன்று உண்டு. மார்ச் மாசத்தில் சூரியன் நேர் மேற்கில் இறங்கும், பிறையும் அதன் பின்னாலேயே. அதனால் 1992-ல் பிறை ஆற்றுக்கு நட்ட நடுவில் நின்றது. பெருநாள் பிப்ரவரிக்கும் ஜனவரிக்கும் போகப் போக அது இடது கைப் பக்கம், அதாவது தென்கரைப் பக்கம் நகர ஆரம்பித்தது. 2000-ம் வருஷம் டிசம்பரில் அது தென்கரைத் தோப்புக்குள்ளேயே போய்விட்டது. பனைமரம் ரெண்டுக்கு நடுவில் ஒரு துண்டு தெரிந்ததைப் பார்த்து ஒருவர் சத்தம் போட, மற்றவர்கள் அவர் தோளோடு தோள் ஒட்டி நின்று அதே கோணத்தில் பார்த்தோம். அப்புறம் மெல்ல மெல்லத் திரும்பி 2009 செப்டம்பரில் மறுபடி நடு ஆறு. 2016, 2017-ல் வடகரை ஆலமரத்துப் பக்கம். 2025-ல் திரும்பவும் நடுவில். 33 வருஷமாக அது தென்கரைக்கும் வடகரைக்கும் ஒரு தடவை போய் வந்திருக்கிறது. வருஷத்துக்கு ஒரு நாள், அதிலும் சில நிமிஷம்தான் பார்க்கிறோம் என்பதால் ஒரே ஊரில் தொடர்ந்து பார்த்தவர்களுக்குத்தான் இது பிடிபடும். பாலத்தில் என் பக்கத்தில் நிற்கும் பெரியவர்களிடம் கேட்டிருக்கிறேன், எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

மழை நோன்புகளில் எனக்கு மறக்காதது 2005. அந்த மூன்று வருஷமும், 2004, 2005, 2006, தீபாவளியும் நோன்புப் பெருநாளும் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து வந்தன. தீபாவளியன்று நோன்பில் இருப்போம். பக்கத்து வீடுகளிலிருந்து வரும் முறுக்கையும் அதிரசத்தையும் அம்மா தட்டு மாறாமல் மூடி வைத்திருந்து நோன்பு திறக்கும் மஃரிபு பாங்கு சொன்னதும் எடுத்து வைப்பார். பேரீச்சம்பழத்துக்கு அப்புறம் அதிரசம். 2005 ஐப்பசியில் மழை விடவே இல்லை, கொள்ளிடத்தில் வெள்ளம், குடமுருட்டியும் கரை ததும்பி ஓடியது. விடியலுக்கு முன்னால் சாப்பிடும் சஹர் நேரத்துக்குத் தப்ஸ் தட்டிக்கொண்டு பாட்டுப் பாடி எழுப்ப வரும் பக்கீர்சா, அந்த மாசம் முழுக்கப் பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார். தப்ஸின் தோல் ஈரத்தில் தளர்ந்து டப் டப் என்று அடங்கித்தான் கேட்கும், அதனால் ஒவ்வொரு வாசலிலும் கூடுதலாகக் கொஞ்ச நேரம் நின்று தட்டிவிட்டுப் போவார்.

எங்களுக்குக் கொடிக்கால் மாமா என்று ஒருவர் உண்டு. ஆற்றுக்கு அந்தக் கரையில் குத்தகைக்கு எடுத்து வெற்றிலை போட்டிருந்தார். வருஷம் தவறாமல் பெருநாள் காலையில், நாங்கள் திடலிலிருந்து வருவதற்கு முன்பே ஈரத்துணியில் சுற்றிய ரெண்டு கவுளி வெற்றிலை திண்ணையில் இருக்கும். நெய்ச்சோறும் தாளிச்சாவும் கறிக்குழம்பும் சாப்பிட்ட பிறகு வெற்றிலை போடாமல் எழுந்தால் அது பெருநாள் சாப்பாடு இல்லை என்பது நன்னிமாவின் கட்சி. 2005 பெருநாளுக்கு முன்னால் பத்து நாளாகக் கொடிக்காலில் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. கொடியின் வேர் ரெண்டு மூன்று நாள் தேங்கின தண்ணீரைத் தாங்காது, அழுகிவிடும். மாமா அந்த வருஷம் வர மாட்டார் என்றுதான் நினைத்தோம். திடலும் தண்ணீருக்குள் போய்விட்டதால் பள்ளிவாசலில் ரெண்டு ஜமாத்தாக, அதாவது ரெண்டு தடவையாகப் பிரிந்து தொழுதுவிட்டுத் திரும்பும்போது திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மடியிலிருந்து எடுத்து வைத்தது ஒரு கவுளிகூட இருக்காது, முப்பது முப்பத்தைந்து இலை, ஓரம் மஞ்சளித்தவற்றைக் கிள்ளி எடுத்துவிட்டுக் கொண்டுவந்திருந்தார். "இந்த வருசத்துக்கு இம்புட்டுத்தான் அத்தை, மேட்டு வரிசையில நின்னது," என்றார் நன்னிமாவிடம். நன்னிமா ஒன்றும் சொல்லாமல் அதிலிருந்து ஒரு இலையை எடுத்துக் காம்பு கிள்ளிச் சுண்ணாம்பு தடவிக்கொண்டு, "சாப்புட்டுட்டுத்தான் போவணும், எந்திரிக்காதே," என்றார். நன்னிமாவுக்கு அதற்கப்புறம் ஒரு பெருநாள்தான் இருந்தது. 2007-ல் மௌத்தானார்.

அடுத்து வந்த வருஷங்களைப் பற்றி எழுதவே மனசு கனக்கிறது. ரமலான் ஆகஸ்டுக்கும் ஜூலைக்கும் வந்து சேர்ந்தபோது, அதாவது ஆற்றில் புதுத்தண்ணீர் ஓட வேண்டிய பருவத்துக்கு வந்தபோது, தண்ணீர் வரவில்லை. 2012-லிருந்து 2019 வரை எட்டு வருஷம் மேட்டூர் ஜூன் 12-ல் திறக்கவே இல்லை. 2012-ல் செப்டம்பர் 17, 2016-ல் செப்டம்பர் 20, 2017-ல் அக்டோபர் 2. குறுவை போச்சு, பல பேருக்குச் சம்பாவும் போச்சு. இதற்கிடையில் ஆற்று மணலை அள்ளிக்கொண்டு போனார்கள். லாரி லாரியாக, ராத்திரி பகல் இல்லாமல். எங்கள் ஊற்றுகள் இருந்த இடத்தில் ஆளுயரப் பள்ளம் விழுந்து களி தெரிந்தது. களியில் ஊற்று ஊறாது. அதை இங்கே எழுதும்போதுகூட எனக்குக் கோபம் அடங்கவில்லை, ஏனென்றால் அது திரும்பி வருகிற பொருள் இல்லை. அத்தனை மணல் சேர ஆற்றுக்கு எத்தனை வெள்ளம் வேண்டும்.

அந்த எட்டு வருஷத்தில் ஒரே ஒரு நோன்புப் பெருநாள் மட்டும் விதிவிலக்கு. 2013. மேட்டூரை ஆகஸ்ட் 2-ம் தேதி திறந்தார்கள். பெருநாள் ஆகஸ்ட் 9. மேட்டூரில் திறந்தது கல்லணைக்கு வர மூன்று நாள் ஆகும், அங்கிருந்து பிரித்துவிட்டு எங்கள் ஊர் வர இன்னும் ரெண்டு மூன்று நாள். பிறை பார்க்கிற அன்று சாயங்காலம் பாலத்தில் நின்றுகொண்டிருந்தோம், எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு சின்னப் பையன் கீழே பார்த்துக் கத்தினான். தண்ணீர் வந்துகொண்டிருந்தது. முதல் தண்ணீரை நேரில் பார்க்காதவர்கள் அது அலையாகப் பாய்ந்து வரும் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. ஒரு சாண் உயரத்துக்குப் பழுப்பு நுரை, அதன் முன்னால் காய்ந்த சருகு, வேப்பங்கொட்டை, ஒரு செருப்பு எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தைவிட மெதுவாக வரும். பள்ளத்தைக் கண்டால் நின்று அதை நிரப்பிவிட்டுத்தான் அடுத்த அடி. வெடித்த களியில் அது இறங்கும்போது சூடான சட்டியில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சத்தம். பையன்கள் இறங்கி அதன் முன்னால் ஓடினார்கள். பிறையை அன்றைக்கு யார் முதலில் பார்த்தார்கள் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. பள்ளிவாசலில் நகரா முரசு அடிக்கும் சத்தம் கேட்டபோது நாங்கள் இன்னும் கைப்பிடிச் சுவரில் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாள் காலையில் பெருநாள் குளிப்பு ஆற்றில். அத்தாவும் இருந்தார், முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து தலையை முக்கினார், 25 வருஷம் பாலைவனத்தில் இருந்தவர்.

2018 ஹஜ்ஜுப் பெருநாளன்று, ஆகஸ்ட் 22, ஆறு நிறையத் தண்ணீர் போனது. கறியை மூன்று பங்காகப் பிரித்துச் சொந்தத்துக்கும் இல்லாதவர்களுக்கும் கொடுத்து முடித்துக் களைத்து உட்கார்ந்த ராத்திரியில்தான், முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போன செய்தி வந்தது. ஆர்தர் காட்டன் காலத்து அணை. 2020 பெருநாள் ஊரடங்கில், மே 25, வீட்டுக் கூடத்தில் அத்தா முன்னால் நிற்க நாங்கள் பின்னால் நின்றோம். அந்த ரமலானில் பள்ளிவாசல் அடுப்பு எரியவில்லை, அரிசியை வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள், ஒவ்வொரு வீட்டிலும் சின்னச் சட்டியில் கஞ்சி வைத்தோம். அதே பொருள்கள், அதே பக்குவம்தான், ஆனால் அந்த வாசனை தெருவுக்கு வரவில்லை.

மறுபடி 2025 மார்ச் 30. பள்ளங்களில் பாதி, பின்னால் வந்த தண்ணீர் வருஷங்களில் தூர்ந்திருக்கிறது, அங்கங்கே மணல் திட்டு, நடுவே சீமைக்கருவேலம். மகள் பாலத்தில் நிற்காமல் கீழே இறங்க வேண்டும் என்றாள். இறங்கினோம். ஒரு திட்டில் மண்டியிட்டு, நான் சொல்லிக்கொடுத்தபடி பள்ளம் பறித்தாள். முழங்கை ஆழம் போயும் காய்ந்த மணல்தான். இன்னொரு சாண் போனாள், தோள் வரை கை உள்ளே. அங்கே மணல் கொஞ்சம் நிறம் மாறியிருந்தது, கையில் அப்பியது. தண்ணீர் ஊறவில்லை. ஈரம் இருந்தது. அதை உருட்டி உருண்டையாகப் பிடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

ஆறரை இருக்கும். பாலத்திலிருந்து குரல் வந்தது. நிமிர்ந்தால், ஆற்றுக்கு நேரே, நட்ட நடுவில், மல்லாந்த தோணி மாதிரி பிறை. தேட வேண்டியிருக்கவே இல்லை, அவ்வளவு தெளிவாக உயரத்தில் நின்றது. துஆ ஓதிவிட்டு வீட்டுக்கு ஓடினோம். பிறை தெரிந்ததும் ஆற்றிலிருந்து ஓடிப் போய் நன்னிமாவிடம் சொல்வது என் வேலையாக இருந்தது. அவர் கொல்லைக்குப் போய் ரெண்டு தென்னைக்கு நடுவே ஒரு இடத்தில் நின்று, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எட்டி எட்டிப் பார்ப்பார், பல வருஷம் பிறை அதற்குள் இறங்கியிருக்கும். கஜா புயல் காற்றில் அதில் ஒரு மரம் சாய்ந்துவிட்டது.

மகள் எனக்கு முன்னால் கொல்லைக்குள் ஓடினாள், சொல்வதற்கு வாயைத் திறந்தபடி. அம்மா ஏற்கெனவே அங்கே, மரம் இருந்த இடத்தில், கை ரெண்டையும் ஏந்தி மேற்கே பார்த்து நின்றுகொண்டிருந்தார். ஓதி முடித்து முகத்தில் தடவிக்கொண்டு திரும்பி, "பாத்துட்டேன்," என்றார். பேத்தியின் கையில் இருந்த ஈர மண் உருண்டையைப் பார்த்துவிட்டு, "ஆத்து மண்ணா?" என்று கேட்டு வாங்கி மூக்குக்கிட்டக் கொண்டுபோனார். பிறகு என்னிடம் சொன்னார்: "எனக்கு மூணு தடவை ஆச்சுடா, எங்கம்மாவுக்கு ரெண்டுதான்."